சமைத்தவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை

உரை எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். எப்படி எழுதுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அகராதி புரட்ட உங்களுக்குத் தெரியும். கிரேக்கம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வரும். எனக்கு வந்த கிரேக்கமெல்லாம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சண்டை போட்டவர்கள் வாயிலிருந்து சிந்தியதைப் பொறுக்கியதுதான். நான் எழுதியவள் இல்லை, தொகுத்தவள்.

தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் இந்த வேலை தொடங்கியது. ஆதிச் சபைகளுக்கு அப்போஸ்தலர்கள் எழுதிய கடிதங்களுக்கு, எல்லாச் சபைக்காரர்களும் சேர்ந்து கிராமத்து மனிதர்களுக்கு விளங்கும்படி ஓர் உரை கொண்டுவருவது என்று ஏற்பாடு. பக்கத்தின் மேலே வசனம். கீழே மூன்று பத்தி. கத்தோலிக்கர் ஒரு பத்தி, லுத்தரன் ஒரு பத்தி, பெந்தெகொஸ்தே ஒரு பத்தி. ஒத்துப்போனால் சந்தோஷம், ஒத்துப்போகாவிட்டால் அப்படியே போடுவது. ஒருவர் பத்தியில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது. இது ஒன்றுதான் சட்டம்.

எனக்கு எப்படி இந்த வேலை கிடைத்தது என்று கேட்பீர்கள். பிறந்தது கத்தோலிக்க வீடு, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற குடும்பம். வாக்கப்பட்டது லுத்தரன் வீடு. இரண்டு பக்கமும் திட்டு வாங்கிப் பழகியவள் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. அது போதுமானதாக இருந்தது. முதல் புத்தகத்தின் அட்டைக்கே சண்டை. ‘நிருபம்’ என்று போட்டால் கத்தோலிக்கர் முகம் சுளிப்பார், ‘திருமுகம்’ என்று போட்டால் மற்ற இருவரும். கடைசியில் ‘கடிதம்’ என்று போட்டுத் தப்பித்தோம்.

எழுதுகிற மூவரையும் அவரவர் சபையார் கூப்பிடுகிறபடியே சொல்கிறேன். கத்தோலிக்கர் ஃபாதர். லுத்தரன் சபையில் குருவானவரை ஐயர் என்பார்கள், ஆகவே அவர் ஐயர். பெந்தெகொஸ்தேகாரர் பாஸ்டர். மூவரிலும் இளையவர் அவர்தான். வேதாரண்யத்துக்கு வெளியே ஒரு சின்னச் சபையை நடத்திக்கொண்டிருந்தார்.

முதலில் எனக்கு இந்த வேலையைப் பழக்கியவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஒருநாள் இருவரும் பட்டுக்கோட்டைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் ஒரு தேங்காய் வியாபாரி போனில் கத்திக்கொண்டு வந்தார். “சாப்பிட்டியா? ஏன் சாப்பிடல? அடம் புடிச்சா நான் வரமாட்டேன், ஒண்ணும் வாங்கியாரவும் மாட்டேன் பாத்துக்க.” அந்தப் பக்கம் யார், சொல் பார்க்கலாம் என்றார் என் குரு. இதில் என்ன சந்தேகம், சின்னப் பிள்ளைதான் என்றேன். மனிதருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது, முன்னால் குனிந்து வியாபாரியிடமே கேட்டுவிட்டார். அவருடைய அம்மாவாம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. “நமக்குக் கெடச்சதெல்லாம் இந்தப் பக்கம் பேசினது மட்டும்தான். அந்தப் பக்கம் யாருன்னு தேடாம உரை எழுதினா, நீ இப்ப சொன்ன மாதிரிதான் இருக்கும்” என்றார். அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்துக்கு உரை தயாராகிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெரிய கேள்வி இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டணத்தில் கோயிலில் படைத்த இறைச்சி சந்தைக்கும் வரும், விருந்துக்கும் வரும். புதிதாகச் சபைக்கு வந்தவர்கள் அதைச் சாப்பிடலாமா, கூடாதா? நம் ஊரோ பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வந்து இறங்குகிற ஊர். இங்கே இதற்கு உரை எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

மூவரும் மூன்று விதமாக எழுதினார்கள். சிலை ஒன்றுமில்லை, சாப்பாடு யாரையும் கடவுளுக்குக் கிட்டவோ எட்டவோ கொண்டுபோகாது, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் பலவீனமான சகோதரன் இடறாதபடி நடந்துகொள் என்று ஐயர். அழைத்த வீட்டில் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் மட்டும் அவருக்காக விட்டுவிடு என்று ஃபாதர். ஒதுங்கிவிடு, கர்த்தருடைய பந்தி, படையல் பந்தி இரண்டிலும் உட்கார முடியாது என்று பாஸ்டர். மூவருக்கும் கடிதத்திலேயே ஆதாரம் இருந்தது. அதுதான் வேடிக்கை.

அச்சுக்குப் போகுமுன் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதியதை ஏதாவது ஒரு சபையில் கொண்டுபோய் உரக்க வாசிப்போம். அந்தக் காலத்தில் கடிதம் வந்தால் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள், அதனால் உரையும் காதுக்கு விளங்க வேண்டும் என்பது என் குரு வைத்த ஏற்பாடு. கேட்கிறவர்கள் கேள்வி கேட்கலாம். எழுதியவர்கள் அங்கே பதில் சொல்லக்கூடாது. நான் குறித்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

அந்தத் தடவை வாசிப்பு பாஸ்டர் சபையில். தகரக் கூரை, பாய், பின்னால் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பத்தியையும் வாசித்து முடித்ததும் செல்வி என்ற பெண் எழுந்தாள். கடலோரத்து இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்திருந்தாள்.

“மூணும் கேட்டேன்க்கா. சாப்பிடறவங்களப் பத்தி இருக்கு, அதப் பாத்துக்கிட்டு இருக்கறவங்களப் பத்தி இருக்கு. சமைச்சவங்களப் பத்தி ஒண்ணுமே இல்லியே?”

நான் குறித்துக்கொண்டேன். அவள் உட்காரவில்லை. விஷயம் இதுதான். அவளுடைய அப்பா இறந்தபிறகு அம்மா ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைப்பாள். சென்ற வருடம் செல்வி போனாள், உட்கார்ந்தாள், இலையைத் தொடாமல் எழுந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் முன்னால் அம்மாவுக்கு அவமானம். இந்த வருடம் அம்மா சொல்லியனுப்பிவிட்டாள். வந்தால் சாப்பிட வேண்டும், சாப்பிடாமல் போவதாக இருந்தால் வாசற்படி மிதிக்கவே வேண்டாம், இனி எப்போதும்.

செல்வி ஒரே மகள். அம்மா அந்த வீட்டில் தனியாக இருந்தாள். ஆடி அமாவாசை அடுத்த வாரம்.

தஞ்சாவூருக்குத் திரும்பியதும் எனக்கு மண்டை குடைய ஆரம்பித்தது. அலமாரியில் இருந்த உரைகளையெல்லாம் இறக்கினேன். பழைய கிரேக்கப் பிரசங்கிகள், லத்தீன்காரர்கள், சிரியாக் மரபிலிருந்து வந்தவை, சீர்திருத்தக் காலத்தவை, அதற்குப் பின் ஊர் ஊராக எழுப்புதல் கூட்டம் நடத்தியவர்கள் எழுதியவை. எத்தனை புத்திசாலிகள்! பலவீனர் யார், பலவான் யார், சந்தை எங்கே இருந்தது, இறைச்சி என்ன விலை விற்றிருக்கும் என்றுகூட யோசித்திருக்கிறார்கள். விருந்துக்கு அழைத்தவர் கடிதத்திலேயே ஒரு வாக்கியத்தில் தலைகாட்டுகிறார். அடுப்படியில் நின்றது யார், தட்டு தொடாமல் திரும்பி வந்தபோது அந்த ஆளுக்கு எப்படி இருந்தது என்று, என் கைக்கு எட்டியவற்றில் ஒருவரும் கேட்கவில்லை. செல்வி கேட்டது சும்மா வாய்க்கு வந்த கேள்வி இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

இதற்கிடையில் அச்சகத்திலிருந்து போன் மேல் போன். அந்தப் பக்கங்கள் ஏறுகிற ஒரு பாரம்தான் அச்சடிக்கப் பாக்கி, மெஷின் சும்மா நிற்கிறது என்று. மறுநாள் ஃபாதரும் ஐயரும் சேர்ந்தே வந்தார்கள். அவர்கள் சேர்ந்து வந்தாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். செல்விக்காக வந்திருந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பாஸ்டருடைய பத்தியில் ‘ஒதுங்கிவிடு’ என்பதைக் கொஞ்சம் தணித்து, ‘ஒதுங்குவது நலம் என்று சிலர் கருதுவர்’ என்று ஆக்கிவிடலாமே என்றார் ஐயர். பாஸ்டர் சபை வேலையாக வெளியூர் போயிருந்தார். அச்சானபிறகுதான் பார்ப்பார். ஒரு வாக்கியம்தானே, அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போவாளே என்றார் ஃபாதர்.

ஆசையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனாலும் மாட்டேன் என்றேன். பாஸ்டர் அதைக் கல்நெஞ்சோடு எழுதவில்லை. “இப்படிச் சாப்பிடப் போனவங்க சிலபேரு அப்பறம் சபைப் பக்கமே வரல சிஸ்டர்” என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பயமும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் அதை வெட்டி எறிந்தால் செல்விக்கு நாங்கள் கொடுப்பது விடுதலை இல்லை, திருட்டு. அதோடு, அவள் நம்புவது பாஸ்டரை, நம் பத்தியை இல்லை. இருவரும் கோபித்துக்கொண்டு டீகூடக் குடிக்காமல் போனார்கள்.

நான் பாஸ்டருக்குப் போன் போட்டேன். வாக்கியத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “செல்வியோட அம்மாவ நீங்க பாத்திருக்கீங்களா?” என்றேன்.  இல்லை என்றார்.

அவர் ஊர் திரும்பியதும் அவரையும் செல்வியையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் என் புத்திக்கு எட்டிய ஒரு யோசனையைச் சொன்னேன். படைப்பதற்கு முன்பே செல்விக்கென்று கொஞ்சம் தனியாக எடுத்துவைத்துவிட்டால் என்ன? பாஸ்டர் முகம் தெளிந்தது. செல்விதான் தலையில் கல்லைப் போட்டாள்.

“அய்யோ, நடக்காதுக்கா. படைக்கறதுக்கு முன்னாடி எங்கம்மா யாருக்கும் எடுத்தும் வைக்காது, உப்புகூடப் பாக்காது. ஒரு சொட்டு நாக்குல பட்டாலும் எச்சிம்பாங்க, அப்பறம் அத அப்பாவுக்கு வைக்கமாட்டாங்க. கையளவுதான். உப்பளத்துக் கைக்கு அளவு தப்பாதுன்னு பெருமையா வேற சொல்லிக்கும்.”

ஆக, அந்த வழியும் அடைத்தது. மகளுக்கு ஒரு மனச்சாட்சி என்றால் அம்மாவுக்கும் ஒன்று இருந்தது. உரைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு மனச்சாட்சியைத்தான் எடைபோட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மா உப்பளத்து வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கால் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. மகளைப் பார்க்காதது போல எங்களுக்கு மட்டும் பாய் விரித்தாள். பாஸ்டரைப் பார்த்து, “டீ குடிப்பீங்களா தம்பி, இல்ல அதுவும் ஆகாதா?” என்றாள். பாஸ்டர் வாங்கிக் குடித்தார். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கினார். நல்ல மனிதர்.

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவள் என்னைக் கையமர்த்திவிட்டு அவரிடமே கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தம்பி. படைச்சது ஆகாதா, இல்ல நான் ஆக்குனதே ஆகாதா?”

பாஸ்டர் ஒரு அத்தியாயமே பேசக்கூடியவர். அன்று மூன்றே வாக்கியம். “நீங்க ஆக்குனத நான் எப்ப வேணாலும் சாப்பிடுவேம்மா. செல்வியும் சாப்பிடும். படைச்சது மட்டுந்தான் எங்களால முடியாது” என்றார்.

அவள் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். “போன வருசம் இத எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. எம் பாத்திரத்த தொடவே எம் மவளுக்குக் கூசுதுன்னுதான் நெனச்சேன்” என்றாள். செல்வி அழுதுவிட்டாள். அம்மா அழவில்லை. “எனக்குப் படைக்கணும். அவரு எம் புருசன். அத வுடமாட்டேன்” என்று எங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். இதற்கு பாஸ்டர் ஏதாவது வசனம் எடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். வா என்றும் சொல்லாமல் வராதே என்றும் சொல்லாமல் எங்களை வழியனுப்பினாள்.

அதற்குமேல் அச்சகத்தைக் காக்க வைக்க முடியவில்லை. மூன்று பத்தியும் ஓர் எழுத்து மாறாமல் போயிற்று. கீழே கொஞ்சம் இடம் விட்டு, ‘சமைத்தவரைப் பற்றி என்ன?’ என்று செல்வியின் கேள்வியை மட்டும் போட்டேன். பதிலை யார் எழுதுவது என்று மூவரும் கேட்டார்கள். தெரிந்தவர் எழுதுங்கள் என்றேன். ஒருவரும் எழுதவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மூன்று சபையும் ஒத்துப்போனது.

ஆடி அமாவாசையன்று செல்வி துணைக்கு வரச்சொன்னாள். போனேன். கடற்கரையில் தர்ப்பணம் கொடுத்து முழுக்குப் போட்ட கூட்டம் ஈரத்துணியோடு தெருவெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் அப்பா படத்துக்கு மாலை போட்டு, முன்னால் தலைவாழை இலை போட்டிருந்தது. இறந்தவரின் தங்கை, செல்விக்கு அத்தை, படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இருவரும் வாசல் பக்கமே ஒண்டிக்கொண்டோம். சாப்பிடாமல் எழுந்தால் அதுதான் கடைசி என்பது எங்களுக்குத் தெரியும். 

அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“செல்வி, இங்க வா. சாம்பார்ல உப்பு பாரு.”

செல்வி அசையவில்லை. சரியாகக் காதில் விழுந்ததா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தைதான் முதலில் எழுந்தாள்.

“என்ன அண்ணி, இன்னும் படைக்கலையே?”

“தெரியும்.”

“எச்சியாவா அண்ணனுக்கு வைக்கப்போறீங்க?”

அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தாள். “ஒங்கண்ணன் உசுரோட இருந்தப்ப, மவ சாப்பிட்டாளான்னு கேக்காம என்னைக்காவது தட்டுல கை வச்சிருக்காரா? நீயே சொல்லு.”

அத்தை படத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்துவிட்டாள்.

செல்வி போய் உள்ளங்கையை நீட்டினாள். அம்மா கரண்டியிலிருந்து கொஞ்சம் ஊற்றினாள். பாதி கீழே சிந்தியது. மீதியைச் செல்வி நக்கிப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கும்மா” என்றாள்.

“இருக்கும். எனக்குத் தெரியாதா. ஒக்காந்து சாப்பிடு” என்று தட்டைக் கொடுத்தாள் அம்மா.

அடுப்பு ஓரத்திலேயே உட்கார்ந்து செல்வி சாப்பிட்டாள். வாழைக்காய் இரண்டாம் தடவை கேட்டாள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. அவள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அம்மா அந்தப் பாத்திரங்களைப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய்ப் பரிமாறினாள்.

பாஸ்டரிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். உப்பு பார்த்ததை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, “சிஸ்டர், பலவீனருக்காகத் தன் உரிமைய விட்டுக்கொடுக்கறவர்தான் பலவான்னு நம்ம உரையிலயே இருக்குல்ல?” என்றார். ஆமாம் என்றேன். “அது சபைக்குள்ள இருக்கறவர்னு நாமளா வச்சுக்கிட்டோம்” என்றார்.

அந்தப் பக்கம் இப்போது உங்கள் பொறுப்பில் வரும். மறுபதிப்பு சமயத்தில் யாராவது ஒரு கெட்டிக்காரர், கேள்வி மட்டும் இருக்கிறதே, பதில் எங்கே என்பார். அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். முதலில் அவரை யாராவது ஒருவர் வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டு வரச்சொல்லுங்கள்.